உஷார்! காலியாகக் கிடக்கும் பொட்டலில் நாயை அவிழ்த்து விடாதீர்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்துக்கு நாயோடு குடிவருகிற எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே பரந்து கிடக்கிற அந்தப் பொட்டலில் நாயின் கயிற்றை அவிழ்த்து விடாதீர்கள். இன்று சாயங்காலமே கூட்டிப் போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் பல வருடம் இருந்துவிட்டு, வயதான அப்பா அம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஊர் திரும்புகிற குடும்பங்களை நம் பக்கத்தில் நிறையவே பார்க்கிறேன். சிலர் அங்கே வளர்த்த நாயையும் விட மனமில்லாமல் கூட்டிவருகிறார்கள். அது லேசான வேலை இல்லை. தடுப்பூசிச் சான்று, வெளிநாட்டு அரசு கால்நடை மருத்துவரின் சான்று, இங்குள்ள விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, சென்னை மாதிரி குறிப்பிட்ட விமான நிலையம் வழியாக மட்டுமே வர வேண்டும் என்ற நிபந்தனை எல்லாவற்றையும் கடந்து, அப்புறம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இத்தனை கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பிள்ளையை ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆபத்தில் விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் பதைப்பு.

அவர்கள் பழகிவந்த ஊர்களில் நாய்க்கென்றே இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் நாய்கள் கயிறு இல்லாமல் ஓடுவதற்கென்று வேலி போட்ட திடல் உண்டு. லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் மேட்டில் நாய்கள் தம்பாட்டுக்கு ஓடித் திரியும். அந்தப் பழக்கத்தில் வந்தவர் இங்கே பக்கத்து வீட்டில் கேட்பார், நாயை நடத்திக் கூட்டிப் போக நல்ல இடம் எங்கே என்று. பதில் உடனே வரும்: "அதுக்கென்ன அண்ணாச்சி, பைபாஸைத் தாண்டிப் போனா பொட்டலாக் கெடக்கு. ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது." சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். நாய் வளர்த்து, அதைக் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போகும் வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அந்தப் பொட்டல் ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது என்று அவர் யோசித்ததில்லை.

கரிசல் காய்ந்த பூமிதான், மழை குறைவுதான், விவசாயத்தை விட்டவர்கள் அதிகம்தான். ஆனால் பட்டாசு வட்டாரத்தில் நிலம் வெறுமையாகக் கிடப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2008ஆம் வருட வெடிபொருள் விதிகள்படி, பட்டாசு ஆலையின் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையிலும், ஆலைக்கும் வெளியே உள்ள சாலை, குடியிருப்புகளுக்கும் இடையிலும் இத்தனை மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும். மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, காயப்போடும் மேடை, குடோன் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, தள்ளித்தள்ளி நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றக்கூடாது என்பதற்காக விட்ட இடம் அது. சாத்தூர் ரோட்டிலோ வெம்பக்கோட்டை ரோட்டிலோ போகும்போது, வேப்பமரம் நிழல் தர, சின்னச்சின்ன ஓட்டுக் கட்டடங்கள் தூரம்தூரமாக நிற்க, நடுவில் அமைதியாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் நாய்க்காரருக்கு ஆசை வரும். அந்த அமைதியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆலைக்குள் நீங்கள் போகப் போவதில்லை. வாட்ச்மேன் விடவும் மாட்டார். ஆபத்து ஆலைச் சுவருக்கு வெளியே இருக்கிறது. தேறாத வெடி, நமத்துப்போன திரி, தரையில் சிந்திக் கூட்டி அள்ளிய மருந்து, கிழிந்த பேப்பர் குழாய் – இவற்றை விதிப்படி தனியாக, பாதுகாப்பாக அழிக்க வேண்டும். பெரும்பாலான ஆலைகள் அதைச் செய்கின்றன. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் கருந்திரி உருட்டுகிறவர்கள், தகரக் கொட்டகையில் பேன்சி ரகம் செய்கிறவர்கள் கழிவை எங்கே கொண்டுபோவார்கள்? ராத்திரியோடு ராத்திரியாக ஓடைக்கரையிலோ, கருவேலங்காட்டு ஓரத்திலோ கொட்டிவிட்டுப் போகிறார்கள். பட்டாசுக் கழிவை எரித்தபோது வெடித்துக் காயம் என்ற செய்தி நம் மாவட்டப் பத்திரிகைப் பக்கங்களுக்குப் புதிதில்லை.

அப்படி ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். திருத்தங்கல் பக்கம் ஒரு வண்டிப்பாதையின் ஓரம். முதலில் கண்ணில் படுவது கலர்தான்: சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக லேபிள் தாள், சுண்டுவிரல் பருமனில் பேப்பர் குழாய், துண்டுதுண்டாகச் சணல் சுற்றின வெடி, கறுப்பு நூல்போலச் சுருண்ட திரி. குனிந்து பார்த்தால்தான் மண்ணிலே ஒரு வெள்ளி மினுக்கம் தெரியும். அலுமினியப் பவுடர். அதற்குப் பக்கத்தில் திட்டுத்திட்டாக வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. வெடியுப்போ, பச்சை உப்போ, பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதன்மேல் ஒரு நாயின் கால்தடம் வரிசையாகப் போயிருந்தது. தெருநாயோ வளர்ப்பு நாயோ தெரியவில்லை. அந்த நாய் போன இடத்தில் முதல் வேலையாகத் தன் பாதத்தை நக்கியிருக்கும்.

நாய்க்கு விஷம் ஏறுவது இப்படித்தான், பாதம் வழியாக வாய்க்கு. மூக்கால் மோந்து, நாக்கால் நக்கி, கிடைத்ததைக் கவ்விப் பார்க்கிற பிராணி அது. பச்சை நிற வெளிச்சத்துக்காகச் சேர்க்கிற பேரியம் நைட்ரேட்டைத்தான் நம்ம ஊரில் பச்சை உப்பு என்கிறோம். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. 2021இல் மறுபடியும் கண்டித்தது. தடை வந்ததால் மண்ணில் ஏற்கெனவே கிடப்பது மறைந்துவிடாது. தண்ணீரில் கரையும் பேரியம் உள்ளே போனால் ரத்தத்தில் பொட்டாசியம் சடாரென்று இறங்கும். எச்சில் ஒழுகும், வாந்தி, கழிச்சல் வரும், பிறகு தசை தளரும், பின்னங்கால் இழுக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துபோகும். இது சில மணி நேரத்துக்குள் நடக்கக்கூடியது.

தீப்பெட்டி ஆலைக் கழிவு வேறு விதம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் அதுவும் உண்டு. குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அது ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். நாயின் ஈறு ரோஸ் நிறமாக இருக்க வேண்டியது, அழுக்குப் பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். பொதியாக ஈரக்குச்சிக் கழிவைப் பார்த்தால் நாய் அதன்மேல் படுத்துப் புரளும். புரளவே விடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் திடீரென்று பின்னங்கால் விழுந்து கிடந்தால், நம் பக்கத்தில் யாரும் முதலில் நினைப்பது பாம்புக்கடி, இல்லாவிட்டால் பூச்சிமருந்து. மருத்துவரும் அந்தத் திசையிலேயே யோசிக்கத் தொடங்கலாம். பட்டாசுக் கழிவு கிடக்கும் இடத்தில் நாய் நடந்தது என்பதை நீங்கள்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். பச்சை உப்பாக இருக்கலாம் என்று சந்தேகம் சொன்னால், ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பது, இதயத்துடிப்பைக் கவனிப்பது என்று வைத்தியத்தின் போக்கே மாறும். அந்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். மண்ணையோ குழாயையோ மாதிரிக்கென்று கையால் அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

அள்ளக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டிக் கிடக்கும் மருந்து செத்துப்போனதாக நினைப்பது பெரிய தப்பு. கந்தகமும் குளோரேட்டும் கலந்தால் வெறும் உராய்வே போதும், அதனால்தான் அந்தக் கலவையை மத்திய அரசு 1992இலேயே தடை செய்தது. மழையில் நனைந்தால் வீரியம் போய்விடும் என்பதும் பொய் நம்பிக்கை. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே சூடு ஏறும். காற்றோட்டமில்லாத குவியலாக இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குப் போகும். நாய்க்கோ குவியலைக் கண்டால் முன்னங்காலால் பறிக்கத் தோன்றும். மழை விட்ட மறுநாள் காலை, மண் மணக்கிறதே என்று நாயைப் பொட்டலுக்குக் கூட்டிப்போகத் தோன்றுகிற அந்த நாளில் வீட்டிலேயே இருங்கள்.

மேகம் கறுத்து இடி இடிக்கிற நேரத்திலும் ஆலைப் பக்கம் இருக்காதீர்கள். மின்னல் தாக்கிக் குடோன் வெடித்த விபத்துகள் இந்த மாவட்டத்தில் நடந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் திடீர் மழை இறங்கும் சாயங்காலங்களும், ஐப்பசி மழைக்காலமும் இந்த வகையில் ஆபத்தானவை.

நாயோடு நடந்துகொண்டிருக்கும்போது தூரத்தில் டமார் என்று கேட்டு, புகை எழும்புவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது உயிர் போன அந்த விபத்தில், முதல் வெடிப்பைப் பார்த்துவிட்டு உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இது தெரியாது. நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போய், 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள்.

சரி, பட்டாசுப் பொட்டல் வேண்டாம், மேற்கே மலையடிவாரம் இருக்கிறதே என்பீர்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஓடையும் உண்டு, பார்க்கவே குளிர்ச்சி. அங்கேதான் இரண்டாவது உஷார்.

மக்காச்சோளமும் கடலையும் போட்ட காட்டில் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் பயிரைச் சின்னாபின்னமாக்கிவிடும். பாடுபட்டவன் வயிறு எரிவது நியாயம். ஆனால் சிலர் அதற்கு வைக்கிற வைத்தியம் அவுட்டுக்காய். வெடிமருந்தைக் கூழாங்கல்லோடு சேர்த்து உருண்டையாகக் கட்டி, இறைச்சியிலோ பழத்திலோ கருவாட்டிலோ மறைத்து வைப்பது. பன்றி கடித்தால் தாடை சிதறும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பமாக இருந்த யானை ஒன்று இப்படி வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. சட்டவிரோதம்தான், பிடித்தால் ஜெயில்தான், ஆனாலும் தோட்டக்காட்டு வரப்பில் அது கிடக்கிறது. பட்டாசு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற நம் மாவட்டத்தில் இதை நான் இரட்டிப்புக் கவலையோடு சொல்கிறேன். கருவாட்டு வாசனைக்கு எந்த நாய் போகாமலிருக்கும்? ஒரே கடியில் முடிந்துவிடும். அப்படியொரு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவரின் சட்டையைப் பார்த்தால் அப்புறம் எந்தத் தோப்பிலும் கயிற்றை விட உங்களுக்கு மனம் வராது.

அது போக, முயலுக்கு வைத்த சுருக்குக் கம்பி, வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரம், மயிலை விரட்ட விஷம் கலந்து தூவின தானியம் எல்லாம் அடிவாரத்து நிஜங்கள். விடிகாலை இருட்டில் மின்வேலி கண்ணுக்குத் தெரியாது. ஈரமண்ணில் நாயின் மூக்கு பட்டால் கயிற்றைப் பிடித்திருக்கும் உங்களுக்கும் ஆபத்து.

இன்னும் மேலே ஏறினால் காடு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமானது. அதற்குள் நாயைக் கொண்டுபோகக்கூடாது. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை என்பது ஒரு பக்கம். நம் நாய் காட்டுக்குக் கொண்டுபோகும் நோய் மறுபக்கம். 2018இல் குஜராத் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றிடம் கண்டறியப்பட்டது. நம் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம். காட்டுக்கு யாரும் போடவில்லை.

கண்மாய்க்கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீண்ட கரை, மரநிழல், காற்று, எல்லாம் சரிதான். ஆனால் சிவகாசியின் சிறுகுளம், பெரியகுளம் கண்மாய்களிலும் விருதுநகர் கௌசிகா நதியிலும் சாக்கடைத் தண்ணீர் கலக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களின் நெடுநாள் புகார். தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகத் தெரிந்தால் நாயை இறங்கவே விடாதீர்கள், சிலவகைப் பாசி ஈரலைத் தாக்கும் விஷம். தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். அது நாய்க்கு வந்து, நாயிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் வரும். கரைச்சரிவில் கோரையும் கருவேலும் மண்டிய இடங்களில் கண்ணாடி விரியன் உண்டு. கரட்டுப் பக்கம் சுருட்டை விரியன், சின்ன உருவம், கல்லோடு கல்லாகக் கிடக்கும். நாய் மோந்து பார்க்கப் போய் மூஞ்சியில் கடி வாங்கும். கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று கடிபட்ட பிறகு விசாரிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

சத்தத்துக்கு வருவோம். நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 சதவீதம் வருகிற வட்டாரம் இது. சத்தம் தீபாவளிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பங்குனிப் பொங்கல், கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் வரவேற்பு, இறந்தவரின் கடைசி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் சரவெடி உண்டு. போதாததற்குப் புது ரகத்தை வெடித்துப் பார்ப்பதும் உண்டு. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபல் தாண்டக்கூடாது என்பது சட்டம் வைத்த வரம்பு. அந்த வரம்புக்குள் அடங்கிய வெடியே நாயின் காதுக்குத் தாங்காது. நமக்குக் கேட்காத உயர் அலைகளையும் கேட்கிற காது அது.

தீபாவளியன்று தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதித்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நீங்கள் நாயை வெளியே கூட்டிப்போகும் நேரத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அதேதான்! பண்டிகை நெருங்கும் நாட்களில் அந்த வழக்கத்தை மெதுவாக மாற்றிக்கொண்டு வாருங்கள். விடிகாலை ஐந்து மணிக்குள் ஒருமுறை, மத்தியானம் வாசலிலேயே ஒருமுறை, ராத்திரி பத்துக்கு மேல் ஒருமுறை என்று. பண்டிகைக்கு மறுநாள் காலை தெருவை நம்பாதீர்கள். வெடிக்காமல் நின்ற அணுகுண்டும் பாதி எரிந்த புஸ்வாணமும் குப்பைத்தாளுக்கு அடியில் கிடக்கும். பயந்து மிரண்ட நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும், ஓடின நாய் திரும்பி வரும் வழியைப் புது ஊரில் அறியாது. மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை போடுங்கள், பட்டையில் உள்ளூர் போன் எண்ணை எழுதுங்கள். வெளிநாட்டில் பொருத்திய மைக்ரோசிப்பில் பழைய முகவரிதானே இருக்கும், அதையும் மாற்றுங்கள். தூங்க வைக்கிறேன் என்று வீட்டில் கிடக்கும் தூக்கமாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டால், எடைக்குத் தகுந்த மருந்தை அவர் சொல்வார்.

வெயிலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு மேல் தார்ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி எண்ணுங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயால் நடக்க முடியாது. உண்ணிக்கு மாதம் தவறாமல் மருந்து போடுங்கள், குளிர்தேசத்தில் வளர்ந்த நாய்க்கு நம்ம ஊர் உண்ணிக்காய்ச்சல் வந்தால் ரத்தத் தட்டணு இறங்கிப் படுத்துவிடும்.

தெருநாய் விஷயம் அப்படிச் சுருக்கமாகச் சொல்லிப் போகக்கூடியதில்லை. தமிழ்நாட்டில் 2024இல் நாய்க்கடி ஏறக்குறைய 4.8 லட்சம். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. அதற்குள் கயிற்றில் கட்டிய புதுநாய் நுழைந்தால் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். நடுவில் நிற்கிற உங்களுக்கும் பல் படும். பட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி 0, 3, 7, 28 என்ற நாட்கணக்கில் போடுவார்கள், ஒன்றைக்கூடத் தவறவிடக்கூடாது. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை, கேட்டு வாங்குங்கள். வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. உங்கள் நாயைத் தெருநாய் கடித்தாலும் அது முன்பு ஊசி போட்டதுதானே என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டி மறுபடி போடுங்கள்.

ஊருக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு ராஜபாளையம் குட்டியும் வாங்கிவிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2005இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த நம் மண்ணின் இனம் அது. வாங்குவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தூய வெள்ளை ரோமமும் ரோஸ் மூக்கும் உள்ள குட்டிகளில் பிறவிச் செவிடு வருவதுண்டு. நிறமியைத் தருகிற அணுக்கள் உள்காதிலும் இல்லாமல்போவதுதான் காரணம். குட்டி பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து சாவியைக் குலுக்கிப் பாருங்கள். செவிட்டு நாய்க்கு வண்டி வருவது தெரியாது, நீங்கள் கூப்பிடுவதும் தெரியாது, அதைக் கயிறில்லாமல் எங்கேயும் விட வழியே இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு ரகம். நூறடிக்கு அப்பால் முயல் அசைந்தால் அம்பாகப் பாய்ந்துவிடும். முயல் வேட்டை 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் நாய் கவ்விக்கொண்டு வந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அப்படியானால் எங்கேதான் நடப்பது? இடம் இருக்கிறது. கண்ணைக் கவரும் இடமாக இருக்காது, அவ்வளவுதான். ஊருக்குள்ளேயே, மனித நடமாட்டம் உள்ள, தினமும் பெருக்குகிற தெருக்கள்தான் பத்திரம். புது காலனிகளில் விடிகாலை ஐந்து முதல் ஆறரைவரை நல்ல நேரம். அதற்கு மேல் ஆலை வேன்கள் ஆளை ஏற்றிக்கொண்டு வேகமெடுக்கத் தொடங்கும். சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ வேலி போட்ட தோப்பு இருந்தால் அதைவிட நல்லது இல்லை. முதல் நாள் நாயில்லாமல் போய் வேலியோரமாக ஒரு சுற்று நடந்து, கம்பி, பள்ளம், கிணறு, மருந்து மூட்டை எல்லாம் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வீட்டு மாடியைக்கூடக் குறைவாக நினைக்காதீர்கள், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அரைமணி நேரம் பந்து போட்டு விளையாட அது போதும்.

ஒரு புது இடத்துக்குப் போவதானால் முதலில் அங்கே ஆடு மேய்க்கிறவரிடம் பேசுங்கள். எந்த ஓடையில் குப்பை கொட்டுகிறார்கள், எந்தக் காட்டில் அவுட்டுக்காய் வைக்கிறார்கள், எங்கே போன மாதம் ஆடு செத்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் ஆட்டை ஓட்டாத நிலத்தில் நீங்கள் நாயை ஓட்டாதீர்கள். ஆலை வாட்ச்மேன் "அண்ணாச்சி, நாயைப் பிடிச்சுக்கோங்க, அந்தப் பக்கம் நேத்துதான் கொட்டிருக்காங்க" என்று குரல் கொடுத்தால், ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

தப்பித் தவறி நாய் வெள்ளிப் பொடியில் மிதித்துவிட்டால், நக்குவதற்குள் வாயைக் கட்டுங்கள் அல்லது கையிலேயே தூக்கிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலேயே கையுறை போட்டுக்கொண்டு, ஓடும் தண்ணீரில் பாதத்தையும் விரல் இடுக்கையும் நன்றாகக் கழுவுங்கள். தேய்த்து உரசாதீர்கள். கழுவின இடத்தில் பீடி, சிகரெட், விளக்கு வேண்டாம். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கும் கைவைத்தியம் கூடாது. நேராக மருத்துவரிடம்.

அந்த மருத்துவர் யார் என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். அரசுக் கால்நடை ஆம்புலன்ஸின் எண் 1962, கட்டணமில்லை, கைபேசியில் பதிந்து வையுங்கள். உங்கள் தாலுகாவின் கால்நடை மருத்துவமனையை எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள், ராத்திரியில் போனை எடுக்கிற தனியார் மருத்துவர் சிவகாசியிலோ விருதுநகரிலோ மதுரையிலோ யார், விஷமுறிவு மருந்து யாரிடம் இருக்கும் என்று நேரில் போய்க் கேளுங்கள். பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகாசியிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எந்த வண்டியில், யார் ஓட்ட, எந்த ரோட்டில் போவது என்பதை நாய் நல்லபடியாக இருக்கும்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.